டிரைவர் ஏ-க்கு ஒரு பேர் இருக்கிறது

1

எங்கள் துறை அலுவலகத்து அம்மா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஐந்து நிமிடம் பேசினால் போதும், நல்லதாக நாலு வார்த்தை என்று சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், அவருக்கு விழா. அவர் சிபாரிசில் இந்த நாட்டுக்கு வந்தவள் என்பதால் நன்றியுரை என் தலையில் விழுந்தது. பெட்டிக்குள் அவருடைய பழைய குறிப்பு நோட்டுகள் இருந்தன. அதில் அழகாக ஒரு பக்கத்தைத் தேடிப்பிடித்துத் திரையில் காட்டவேண்டுமாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒருத்தரைப் பழிவாங்கியதைப் பற்றி எழுதப்போகிறேன். எனக்கு இதில் வெட்கம் கிடையாது. மன்னிப்பது பெரிய குணம் என்று யாரும் எனக்குக் கடிதம் போடவேண்டாம், அது எனக்கும் தெரியும்.

நான் இருப்பது பெல்ஜியத்தில், டச்சு பேசுகிற பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. பல்கலைக்கழக வேலை. என்ன வேலை என்று திருவண்ணாமலையில் யாராவது கேட்டால் அப்பா, 'கோர்ட்டு சம்பந்தமா கணக்கு போடறா' என்பார். பெரிய தப்பில்லை. ஒரு நாட்டுக்குள்ளே ஒருவன் வாக்கு மீறினால் போலீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. நாடும் நாடும் போட்ட ஒப்பந்தத்தை ஒரு நாடு மீறினால் யாரைக் கூப்பிடுவது? மேலே ஆள் கிடையாது. அப்படியிருந்தும் இங்கே இத்தனை நாடுகள் தங்கள் தலைக்கு மேலே ஒரு சட்டத்தை உட்கார வைத்து அதற்குக் கட்டுப்பட்டும் நடக்கின்றன. ஏன் கட்டுப்படுகின்றன, மீறினால் என்ன நஷ்டம், சேர்ந்து நின்றால் என்ன லாபம் என்று பொருளாதாரக் கண்ணால் பார்ப்பது எங்கள் தொழில். பேராசிரியர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற புத்தகம். அதன் மூன்றாவது அத்தியாயம் முழுக்க எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டுகள்தான்.

2

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டுகளைப் பார்த்தால் நாடுகளைப் பார்க்கவே தேவையில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்டாண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு ஸ்டாண்டு, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, தலைவர் உண்டு, ஒரு போர்டும் அதில் பெயின்ட்டில் எழுதிய வண்டி நம்பர்களும் உண்டு. ஸ்டாண்டுக்குள்ளே சீரியல். வந்த வரிசைப்படிதான் சவாரி. ஒரு ஸ்டாண்டு வண்டி இன்னொரு ஸ்டாண்டு எல்லைக்குள் ஆளை இறக்கலாம், ஏற்றக்கூடாது, காலியாகத்தான் திரும்பவேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எந்த கோர்ட்டும் சொல்லவில்லை.

மீறினால் என்ன ஆகும் என்பதுதான் விசேஷம். மீறினவனைத் தொட மாட்டார்கள். அவனுடைய ஸ்டாண்டு மொத்தத்தையும் மறிப்பார்கள். செங்கம் ரோட்டு வண்டி ஒன்று பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிட்டால், அத்தனை செங்கம் ரோட்டு வண்டிக்கும் பஸ் ஸ்டாண்டு வாசல் மூடிவிடும். ஆளை இறக்கக்கூட விட மாட்டார்கள். தப்பே செய்யாத நாற்பது பேர் பட்டினி கிடந்தால் அவர்களே தங்கள் ஆளின் சட்டையைப் பிடிப்பார்கள் என்பது கணக்கு. நாடுகளும் இதையே செய்கின்றன. உன் நாடு என் இரும்புக்கு வரி போட்டால் நான் உன் நாட்டுப் பாலாடைக்கட்டிக்கு வரி போடுவேன். பாலாடைக்கட்டிக்காரன் போய் அவன் அரசாங்கத்தைத் திட்டிக்கொள்ளட்டும்.

பேராசிரியருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா, ஏழுமலை. ஆசிரமத்துப் பக்கத்து ஸ்டாண்டில் வண்டி ஓட்டினார். பேராசிரியர் வருஷா வருஷம் வருவார், ஆசிரமத்தைத் தாண்டி கிரிவலப் பாதையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவார். வேட்டி கட்டிக்கொள்வார். கையில் எப்போதும் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும், தண்ணீரை அதில்தான் குடிப்பார். ஸ்டாண்டில் அவருக்குச் சொம்பு சார் என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்பா வண்டியில்தான் எங்கேயும் போவார், வழியெல்லாம் கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. தான் சொன்னதை ஒரு வாத்தியார் எழுதிக்கொள்கிறார் என்பது சின்ன விஷயமா?

3

நான் பிளஸ் டூ படித்த வருஷம் அது நடந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள். ஊருக்குள் கால் வைக்க இடம் இல்லாத கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரர்களுக்குப் பௌர்ணமிதான் மாசத்துக்குச் சோறு போடுகிற நாள். அன்றைக்கு ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை ஃபோனுக்கு ஒரு அழைப்பு வந்தது, அப்பாவைக் கேட்டு. அப்பா உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுக்குள்ளே, அவர்கள் வரிசைக்கு முன்னாலேயே, சொம்பு சாரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

அப்பா செய்த தப்பு எங்கள் ஊர் ஆட்டோக்காரன் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு. ஸ்டாண்டுக்குள் ஃபோன் சவாரிக்குச் சீரியல் கிடையாது. சொந்தக் கஸ்டமர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையை விட்டுப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சலுகை எல்லை தாண்டியும் செல்லும் என்று அப்பா நினைத்துவிட்டார். செல்லாது.

மறுநாள் பௌர்ணமிக்கும் அதற்கு மறுநாளுக்கும் பஸ் ஸ்டாண்டு வாசல் எங்கள் ஸ்டாண்டுக்கு மூடிவிட்டது. மூன்றாம் நாள் டீக்கடையில் கூட்டம் போட்டார்கள். அப்பா, தப்பு என்னுது என்று மட்டும் சொன்னாராம். போர்டில் அவர் வண்டி நம்பர் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஸ்டாண்டு கிடையாது. எங்கே நிறுத்தினாலும் துரத்துவார்கள். வேங்கிக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போவதும், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கொண்டுபோவதுமாக வருஷங்கள் ஓடின. கூட வண்டி ஓட்டியவர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். அம்மா அதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள், சோறு குறைந்ததை அல்ல.

அடுத்த வருஷம் சொம்பு சார் வந்தார். எங்கள் வீட்டுக்கே வந்து பாயில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டுக் கண் கலங்கினார். உங்கள் மகளை நான் படிக்க வைக்கிறேன் என்றார். சொன்னபடி செய்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலேஜ் முடித்ததும் உதவித்தொகைக்கு எழுதினார், சிபாரிசு செய்தார், விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப்போனார். அப்பாவுக்கு அவர் சாமி ஆகிவிட்டார். கார்த்திகை தீபம் முடிந்து மலையிலிருந்து இறங்குகிற கொப்பரையின் மையை ஒவ்வொரு வருஷமும் ஒரு பொட்டலம் அவருக்கென்று எடுத்து வைப்பார். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு சொம்பு சார் நிற்கிற ஃபோட்டோ என்னிடம் இருக்கிறது.

4

இங்கே எனக்குப் பேர் ஏழுமலை.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். குமுதா என்பது முன்பெயர், ஏழுமலை என்பது குடும்பப்பெயர் என்று இந்த நாடு முடிவு செய்துவிட்டது. நகராட்சி அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தால் 'மெவ்ரௌ ஏஸுமலாய்', அதாவது திருமதி ஏழுமலை, என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன். அது என் அப்பா பேர் என்று முதல் வருஷம் விளக்கினேன். அப்படியென்றால் உன் குடும்பப்பெயர் எங்கே என்று கேட்டார்கள். எங்களுக்கு அது கிடையாது என்றேன். கிடையாது என்கிற பதிலுக்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. கல்யாணம் ஆனபிறகு என் கணவரின் இனிஷியல், அதாவது வேலூரில் இருக்கிற என் மாமனாரின் பேர், என் மகளுக்குக் குடும்பப்பெயர் ஆனது. ஆக ஒரே வீட்டுக் கதவில் இரண்டு குடும்பப்பெயர். தபால்காரர் நாங்கள் வாடகைக்கு அறை விடுகிறோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மொழியும் கழுத்தை அறுக்கும். டச்சில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்', நெருக்கத்துக்கு ஒரு 'நீ'. முதல் வருஷம் துறைத் தலைவரிடம் ஒரு மாசம் 'நீ' போட்டே பேசிவிட்டு, வீட்டுக்கு வந்த குழாய் ரிப்பேர்காரரிடம் 'நீங்கள்' போட்டேன். இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. இங்கே யாரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், கடிதத்தில்தான் சொல்வார்கள்.

என் மகள் இனியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. டச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் கேட்டால் டச்சில் பதில் வரும், அதட்டினால் ஆங்கிலத்தில் வரும். தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது 'சாப்ட்டீங்களா' என்பாள், அவர் 'ஆச்சும்மா' என்பார், பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கவேண்டும்.

5

அச்சில் இருக்கிற டச்சை நான் எவ்வளவு வேண்டுமானாலும் படிப்பேன். கையெழுத்து மட்டும் வராது. பேராசிரியரின் பழைய கோழிக் கிறுக்கலை வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் திண்டாடியதைப் பார்த்து இனியா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. திருவண்ணாமலை என்று எழுதியிருந்த நோட்டைத் திறந்து உரக்க வாசித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்டேன்.

அவள் வாசித்தது, எனக்குத் தெரிந்த தமிழில்: 'நாளை முழுநிலா. இன்று சோதனை செய்து பார்க்கலாம். பஸ் நிலையத்தின் வரிசைக்குள் வந்து என்னை ஏற்றச் சொல்லி ஈ-க்கு ஃபோன் செய்தேன். விதி பலமாக இருந்தால் மறுப்பான். பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். இரட்டைக் கட்டணம் கொடுத்தேன், வாங்க மறுத்தான். வழக்கமானதை மட்டும் வாங்கினான். நட்புக்காக விதியை உடைத்திருக்கிறான். இதை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று தெரியவில்லை.'

அம்மா, ஈ யார் என்று கேட்டாள் இனியா.

இப்போது புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில், டிரைவர் ஏ என்று ஒருவர் வருகிறார். வெளிநாட்டுப் பயணி ஒருவர் தந்த இரட்டைக் கட்டணத்துக்கு ஆசைப்பட்டு ஏ விதியை மீறுகிறார். கிடைக்கும் லாபம் தண்டனையைவிடப் பெரிதாகத் தெரியும் நேரத்தில் ஒப்பந்தம் உடையும் என்பதற்கு அது உதாரணம். உலகம் பூராவும் பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அந்த அத்தியாயத்தை இங்கே நான் பாடம் நடத்துகிறேன். வருஷா வருஷம். கரும்பலகையில் ஏ என்று எழுதி, பக்கத்தில் ஆசைக்கு ஒரு எண் போட்டு.

நோட்டில் இருந்த ஈ, ஆங்கிலத்தில் ஏழுமலையின் முதல் எழுத்து; அதைப் புத்தகத்தில் ஏ என்று மாற்றியிருந்தாலும் அது என் அப்பா என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சோதனை என்பதுதான் தெரியாது. இரட்டைக் கட்டணம் என்று படித்ததும் நான் நம்பினேன். அதுதான் என்னை இன்றைக்கும் தூங்க விடாதது. வீட்டில் கஷ்டம், மகள் படிக்கிறாள், மனுஷன் ஒரு நாள் ஆசைப்பட்டுவிட்டார், பாவம் என்று அப்பாவை நான் மனசுக்குள் மன்னித்து வைத்திருந்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு! எழுதினவர் வாத்தியார், என் வாழ்க்கையைத் தூக்கிவிட்டவர், அவர் பொய் எழுதுவாரா என்ன?

எழுதுவார். ஏன் எழுதினார் என்பதும் நோட்டிலேயே இருக்கிறது. பிரியத்துக்காகப் போனான் என்று எழுதினால் கணக்கு வராது. கூலிக்காகப் போனான் என்றால் வரும். அந்த ஒரு வரிக்காக என் அப்பாவைப் பேராசைக்காரனாக்கினார்.

எங்கள் துறையில் ஒரு பால பாடம் உண்டு. ஒப்பந்தத்தை மீறின நாடு நஷ்டஈடு தரலாம், தந்துவிட்டால் எதிராளி பழிவாங்கும் உரிமையை விடவேண்டும். ஆனால் நான் மீறினேன், அதற்கு இது ஈடு என்று சொல்லித்தான் தரவேண்டும். இவர் சொல்லவில்லை. தர்மம் மாதிரி தந்தார். தந்ததற்கு இருபது வருஷத்துக்கு மேல் என் அப்பாவிடம் கும்பிடு வாங்கினார். என் படிப்பு, என் வேலை, இந்த நாட்டில் என் இருப்பு எல்லாம் அந்த ஈடு. ஸ்டாண்டில் பட்டினி கிடந்த மற்றவர்களுக்கு அதுகூட இல்லை.

ஈ யார் என்பதை இனியாவுக்குச் சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். தாத்தாவை ஸ்டாண்டை விட்டு அனுப்பாமல் இருந்திருந்தால் நீ இங்கே வந்திருக்க மாட்டாய், என் அப்பாவைப் பார்த்திருக்க மாட்டாய், நானும் இருந்திருக்க மாட்டேனே என்று டச்சில் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். நியாயமான கேள்விதான்.

6

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலு நாள் அலைந்தேன். அவர் கும்பிடுகிற ஆளை அவர் கண்ணெதிரே போட்டு உடைக்கவேண்டும். கடைசியில் ஃபோன் செய்து, நோட்டில் இருப்பதைத் தமிழாக்கி வரி வரியாக வாசித்தேன். புத்தகத்தில் இருப்பதையும் வாசித்தேன்.

"நான் ஜாஸ்தி வாங்குனேன்னா எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அத நீ படிச்சிருக்கியா?"

படித்திருக்கிறேன் என்றேன்.

"நம்புனியா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதில் என்று அவருக்குத் தெரிந்துபோனது. சரிம்மா, வச்சிடறேன் என்று வைத்துவிட்டார். ஸ்டாண்டில் இத்தனை பேர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்ததை இருபது வருஷம் தாங்கிக்கொண்ட மனுஷன். மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபோது துக்கம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, மற்றதெல்லாம் ஆத்திரம்.

மேடையில் அந்தப் பக்கத்தையே திரையில் காட்டி, கூடியிருக்கிற அத்தனை பேருக்கு முன்னால் அந்த ஆளின் முகத்திரையைக் கிழிக்கிறேன் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வாக்கியமாக எழுதி வைத்தேன், அப்பாவுக்கும் மெசேஜில் சொல்லிவிட்டேன். விழாவுக்கு முந்தின நாள் அப்பாவே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அங்க பேசாத குமுதா. அது அவங்க ஊரு. நீ சொன்னா நாலு பேரு அடடான்னுவாங்க, கை தட்டுவாங்க, காப்பி குடிச்சிட்டு போயிடுவாங்க. இந்த வருசமும் வருவாரு இல்ல? நம்ம ஊருக்கு வரட்டும்."

எந்த வழக்கை எந்த நாட்டு மன்றத்தில் நடத்துவது என்பதைப் பற்றி எங்கள் துறையில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் உண்டு. எட்டாவது வரை படித்த என் அப்பா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

7

விழாவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மலையை வரைந்திருந்த ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினேன். பேராசிரியர் எனக்குச் செய்த உதவிகளைப் பட்டியல் போட்டேன், ஒன்றுகூட விடவில்லை. சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள். உங்களை என் அப்பா இந்த வருஷம் ரொம்ப ஆவலாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கூசியது, ஆனாலும் சிரித்தபடி நின்றேன்.

வயதான மனுஷன், பெரிய படிப்பாளி, உனக்கு நல்லதும் செய்தவர் என்று என் கணவர் வண்டியில் வரும்போது மெதுவாக ஆரம்பித்தார். உங்கள் அப்பா பேரை யாராவது இப்படி எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேலூர்க்காரருக்கும் ரோஷம் உண்டு, அதோடு விட்டுவிட்டார்.

8

நோட்டுப் பக்கத்தின் படத்தையும் அதன் தமிழையும் அப்பாவுக்கு அனுப்பினேன். அதைக் கலர் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு அப்பா பழைய ஸ்டாண்டுக்குப் போனார். பெயின்ட் அடித்த பிறகு அந்த இடத்தில் அவர் இறங்கி நின்றது அதுதான் முதல் தடவை. இப்போதைய தலைவர் சேகர், அந்தக் காலத்தில் அப்பாவோடு ஓட்டியவர், அதைக் கூட்டத்தில் வாசித்தார். பலரும் அப்போது இல்லாதவர்கள். இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று அப்பா சொன்னார்.

சொம்பு சார் வரும்போது யாரும் அவரை ஏற்றக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அவர்களுடைய ஸ்டாண்டு மட்டும் வண்டி தராமல் இருந்தால் போதாது, மற்ற ஸ்டாண்டுக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இதுதான் எங்கள் துறையின் பெரிய தலைவலி. பத்து நாடு சேர்ந்து ஒரு நாட்டை ஒதுக்கி வைத்தால் பதினோராவது நாடு பின்வாசல் வழியாக வியாபாரம் செய்யும். சேர்ந்து நிற்பது எல்லோருக்கும் நல்லது, விலகிப்போவது ஒவ்வொருவனுக்கும் லாபம். இது நடக்காது என்று நான் அப்பாவிடம் ஃபோனில் வகுப்பே எடுத்தேன். சேகரும் அப்பாவும் நேராகப் பஸ் ஸ்டாண்டுத் தலைவரிடம் போனார்கள். அந்தச் சண்டையில் கெட்ட பேர் வாங்கினவர்கள் அவர்கள். பௌர்ணமி அன்றைக்கு ஏழைகள் வயிற்றில் அடித்தவர்கள் என்று ஊரே பேசியது. தங்களையும் அந்த ஆள் சோதனை எலியாக்கிப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவர்களுக்கு வந்த கோபம் எங்களுக்கு வந்ததைவிட ஜாஸ்தி. வேங்கிக்கால்காரர்களிடம் அவர்களே பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர் ஸ்டாண்டுகள் எல்லாம் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். போர்டில் நம்பரை மறுபடி எழுதவேண்டும். எழுதினார்கள். பெயின்ட் காய்வதற்குள் எனக்கு ஃபோட்டோ வந்துவிட்டது. நம்பருக்குக் கீழே பேரும் எழுதியிருந்தார்கள், வேறு யாருக்கும் இல்லாத மரியாதை.

தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் சொம்பு சார் பெல்ஜியத்திலிருந்து கிளம்பி வந்தார். சென்னையிலிருந்து கவர்மென்ட் பஸ்ஸில்தான் வருவார், அதில் அவருக்கு ஒரு பெருமை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சூட்கேஸோடு வரிசையில் முதல் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார். அந்த டிரைவர் திரும்பிப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அடுத்தவர் கண்ணாடி துடைத்தார். மூன்றாவது ஆளுக்கு ஃபோன் வந்துவிட்டது. செல்லில் ஆப் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆப்பில் ஓட்டுகிறவர்களும் அதே ஆட்கள்தானே. ஒவ்வொருவராக கேன்சல் செய்தார்கள். அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, சூட்கேஸை உருட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். எங்கெங்கே நிற்கிறார், எங்கே தண்ணீர் குடிக்கிறார் என்பதெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. ஆபீஸில் உட்கார்ந்து அத்தனையும் பார்த்தேன். நெஞ்சு வலி ஏதாவது வந்தால் அந்த நிமிஷமே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சேகர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார், பின்னால் ஒரு வண்டி தூரத்தில் ஊர்ந்துகொண்டே வந்தது. அப்படி எதுவும் வரவில்லை. மனுஷன் திடமாகத்தான் நடந்தார்.

இனியா ஸ்கூலிலிருந்து வந்து என் தோள்வழியாகப் பார்த்தாள். தாத்தா நஷ்டஈடும் வாங்கிக்கொண்டு இப்போது பழியும் வாங்குகிறார், உன் வகுப்பில் இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லுவாயே என்றாள். ஆமாம், இரண்டையும் வாங்குகிறோம் என்றேன். சட்டப்படி தப்புதான். நான் அன்றைக்குச் சட்டம் பார்க்கவில்லை.

அவர் ஆசிரமத்துப் பக்கம் வந்து சேர்ந்ததும் மெசேஜ் நின்றுவிட்டது. எல்லோரும் ஸ்டாண்டில் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. மீதியை அப்பா ஃபோனில் சொன்னார். இனியா பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் மொழிபெயர்க்காமலே கேட்டாள்.

சட்டை முழுக்க வேர்வையோடு வந்த சொம்பு சார் ஸ்டாண்டில் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே மலர்ந்துவிட்டாராம். சீரியலில் அப்பா வண்டிதான் முதலில் நின்றது. ஏழுமலை, ஏழுமலை என்று வந்து, சூட்கேஸைப் பின் சீட்டில் வைக்கப் போனார். அவர் வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் போகவேண்டும். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"வண்டி வராது சார்னு சொன்னேன்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஏன், ஏன்னாரு. தமிழ்லதான் கேட்டாரு. உங்களுக்கே தெரியும் சார், நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களேன்னேன். அந்தக் காகிதத்த குடுத்தேன். நின்னு படிச்சாரு. ரெண்டு தபா படிச்சாரு. அப்புறம் என்னப் பாக்கவே இல்லம்மா. கீழயே பாத்துக்கினு, பொட்டிய இழுத்துக்கினு நடந்துட்டாரு."

அப்புறம் என்றேன்.

"அப்புறம் என்னா. ஒரு அம்மா பெரிய கோயிலுக்குப் போகணும்னு வந்தாங்க. ஏத்திக்கினு போனேன்."

உங்களுக்கு எப்படி இருக்கிறது அப்பா என்று கேட்டேன். வயதான காலத்தில் அவரை இதில் இழுத்துவிட்டு விட்டேனோ, கும்பிட்ட கையாலேயே தடுத்தது அவருக்கு உறுத்துமோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் அப்பா.